திருகோணமலையில் பழைய வியாபாரி வீடொன்றில் ஓர் இரவு: அமானுஷ்ய ஆய்வுக்கான முழு வழிகாட்டி

பேய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஓர் இரவு போதாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு வீட்டில், குறிப்பிட்ட ஓர் அறையில், ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட்கிற சத்தம் எதனுடையது என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஓர் இரவு போதும். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வேலைக்கானது.

எந்த மாதிரி வீட்டைச் சொல்கிறேன் என்று திருமலைக்காரருக்குத் தெரியும். வீதியோரம் பலகைக் கதவு போட்ட கடை, அதன் பின்னால் சரக்கு அடுக்கிய கிட்டங்கி, நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள், கடைசியில் குசினியும் கிணறும். வசதியான வியாபாரி என்றால் மேலே பலகைத் தளம் போட்ட மாடியும் இருக்கும். துறைமுகத்தை நம்பி எழும்பிய வீடுகள் இவை. 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது அந்த வியாபாரத்தின் பெரிய வாடிக்கையும் கூடவே போய்விட்டது.

இந்த வீடுகள் பூட்டிக் கிடப்பதற்கான காரணத்தைப் பேயிடம் தேட வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது சனம் ஊரைவிட்டு ஓடியது. 1983 இலும் அதற்குப் பிறகும் ஓடியது. 2004 இல் கடல் வந்தது. மிஞ்சியவர்களின் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டுக்கு ஊர் ஒரு கதை கட்டிவிடும். அந்தக் கதையைக் கேலி செய்யவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவில் நடப்பது வேலையின் சிறு பகுதிதான். பகலில் நீங்கள் அளந்து, கேட்டு, எழுதி வைத்தது எவ்வளவோ அவ்வளவுதான் அந்த இரவுக்குப் பெறுமதி. பகல் சுற்றைத் தவிர்த்துவிட்டு நேரே இருட்டுக்குள் இறங்குகிறவர்களுக்குப் பேய் கட்டாயம் கிடைக்கும்.

1. முதலில் அனுமதி

இதில் குறுக்குவழி கிடையாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அவரிடமிருந்து கையொப்பமிட்ட கடிதம் எடுங்கள். வாய்ச்சொல்லோ வட்சப் குரல் பதிவோ போதாது. பழைய வீடுகளுக்குப் பல உரித்தாளர்கள் இருப்பார்கள். ஒருவர் ‘போங்கோ’ என்பார், அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பொலிசுக்குப் போவார். ஆகவே யார் பெயரில் உறுதி இருக்கிறது என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கலாம். கடிதத்தில் திகதி, உள்ளே போகும் ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பகுதிக்குள் போகக்கூடாது என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

பிறகு கிராம சேவையாளருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அறிவியுங்கள். இது மரியாதைக்காகச் செய்கிற காரியம் மட்டும் இல்லை. இலங்கையில் பழைய கட்டடமொன்றில் நடுராத்திரி டோர்ச்சும் மீட்டருமாக நாலு பேர் நின்றால் அதைப் பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: புதையல் தோண்ட வந்திருக்கிறார்கள். ஸ்கேனரோடு பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வரும். உங்கள் கையிலிருக்கும் மின்காந்த மீட்டருக்கும் புதையல் ஸ்கேனருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நேரத்தில் யாரும் கேட்டு அறியப் போவதில்லை. தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940 இலிருந்து இருக்கிறது, கடுமையானது. மண்வெட்டி, அலவாங்கு, துளைக்கும் கருவி எதையும் வாகனத்தில்கூட வைத்திருக்காதீர்கள். தரையில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காதீர்கள்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை இருக்கிறது. அந்தப் பக்கங்களில் இரவில் கமெராவை நீட்டுவதே வில்லங்கம். ட்ரோன் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பக்கத்து வீடுகளுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். நல்லெண்ணம் கிடைக்கும், கூடவே தகவலும் கிடைக்கும். யாருடைய நாய் எப்போது குரைக்கும், எந்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும் என்பதெல்லாம் பிறகு தேவைப்படும்.

2. கதையைச் சேகரித்து மூடி வையுங்கள்

குழுவில் ஒருவர் மட்டும் இந்த வேலையைச் செய்யட்டும். அவர் கேட்டதை எழுதி, கடித உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். மற்றவர்கள் ஆய்வு முடியும்வரை அதைப் படிக்கக்கூடாது. ‘மாடியில் தூக்குப் போட்டுச் செத்த பெண்’ என்று கேள்விப்பட்டவர் மாடிப்படி ஏறும்போதே கழுத்தைத் தடவுவார்.

பெரியவர்களிடம் ‘பேய் இருக்கா?’ என்று கேட்டால் கதை வரும், தகவல் வராது. ‘அம்மா, நீங்கள் இஞ்ச இருந்த காலத்தில எந்த அறையில படுப்பீங்க? எந்த அறையில படுக்க மாட்டீங்க?’ என்று கேளுங்கள். ‘அந்தத் தெற்கு அறை வெக்கை தம்பி, கச்சான் காத்து அடிக்கிற காலத்தில மனுசர் படுக்கேலாது’ என்று பதில் வந்தால் ஓர் அறை ஏன் எப்போதும் வெறுமையாக இருந்தது என்பதற்குப் பாதி விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும். சத்தம் எந்த மாதத்தில், எந்த நேரத்தில் என்றும் கேளுங்கள். மாரியில் கேட்பதில்லை, கோடையில்தான் கேட்கும் என்றால் கூரை ஓடுகளையும் மரத்தையும் சந்தேகப்படலாம்.

ஆவணத்தையும் பாருங்கள். உள்ளூராட்சி சபையின் சோலைவரிப் பதிவு, பழைய உறுதிகள், குடும்பப் படங்களின் பின்பக்கத்து எழுத்து எல்லாம் உதவும். இதற்கு ஓர் உதாரணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சுவாமி மலையில் கோணேசர் கோயிலடியில் நிற்கும் தூணோடு சேர்த்து ஃபிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் கதையைச் சொல்வார்கள். 1687 இல் காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்துவிட்டு மலையிலிருந்து குதித்தாளாம். ஒல்லாந்தர் ஆவணங்களிலோ அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து கலியாணம் முடித்ததாகப் பதிவு இருக்கிறது. அந்தப் பாறையில் அவளுடைய ஆவியைக் கண்டேன் என்று இன்று யாராவது சொன்னால், யாருடைய ஆவி என்று கேட்க வேண்டியிருக்கும்.

இந்த ஊருக்கென்று ஒரு கட்டுப்பாடும் வேண்டும். யுத்தத்தில் செத்தவர்கள், காணாமல் போனவர்கள், சுனாமியில் போனவர்கள் ஆகியோரின் பெயரை விசாரணையில் எடுக்காதீர்கள், கூப்பிடாதீர்கள், பதிவில் போடாதீர்கள். பிள்ளை எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிற தாய்மார் இதே வீதிகளில் இருக்கிறார்கள். இங்குள்ள சனம் செத்தவர்களுக்குச் செய்வதை முறையாகச் செய்கிறது. கன்னியா வெந்நீரூற்றில், இராவணன் தாய்க்குக் கடன் கழித்ததாகச் சொல்லும் இடத்தில், முப்பத்தோராம் நாள் கிரியை செய்கிற வழக்கம் உண்டு. அதைத் தாண்டி உங்களுக்கு அங்கே வேலை இல்லை. கதையைச் சொல்லும்போது யாராவது அழுதால் பேனாவை மூடிவிடுங்கள்.

3. பகல் சுற்று

இதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். இரவுக்கு முதல்நாள் செய்தால் இன்னும் நல்லது.

வீட்டின் வரைபடத்தைக் கையால் கீறுங்கள். கதவு, யன்னல், மின்சாரப் பெட்டி, கிணறு, நீர்க்குழாய், கண்ணாடிகள், சுவரில் தொங்கும் படங்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வோர் அறைக்கும் எண் கொடுங்கள். ‘பேயறை’, ‘அம்மம்மா செத்த அறை’ என்ற பெயர்கள் வேண்டாம். வரைபடத்தைப் பல பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், இரவில் ஆளுக்கொன்று தேவைப்படும்.

அடுத்தது கூரை. இந்த வீடுகளின் பாதிப் பேய்கள் கூரையில்தான் குடியிருக்கின்றன. பழைய ஓடு, பனஞ்சலாகை, பனை வளை, இடையிடையே பின்னாளில் போட்ட தகரம். பகல் முழுக்க வெயிலில் காய்ந்தவை பொழுது பட்டதும் சுருங்கத் தொடங்கும். மூன்று மீற்றர் நீளத் தகரம் 30 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் சுருங்கும். ஆணி அதை விடாது பிடித்திருக்கும். பிடி தளரும் கணத்தில் ‘டக்’ என்று சத்தம் வரும். அடுத்த தகரம், அதற்கடுத்தது என்று வரிசையாக வந்தால் ஆள் நடப்பது மாதிரியே இருக்கும். பொழுதுபட்டு முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் இந்தச் சத்தம் அதிகம். மாடிப் பலகையும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது சந்தேக நபர் மரநாய். பகலில் முகட்டுக்குள் தூங்கி, இருட்டியதும் வளையில் நடந்து, பழக்கொட்டை கலந்த எச்சத்தை விட்டுவிட்டுப் போகும். எலியின் ஓட்டம் படபடவென்றிருக்கும். மரநாயின் நடை பாரமானது, நிதானமானது. ‘மேல ஆரோ நடக்கினம்’ என்று சொல்ல வைப்பது அதுதான். எச்சம், கீறல், ஓடு விலகிய இடம் இருக்கிறதா என்று பகலிலேயே பாருங்கள். வௌவால் நாற்றம் வருகிறதா என்றும் பாருங்கள். சந்தேகமான இடங்களில் தரையில் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவினால் காலடி தெரியும். அரிசிமா தூவினால் எறும்பு வந்து தடத்தையே தின்றுவிடும்.

காற்று எங்கே போகிறது என்று பார்க்க ஊதுபத்தியைவிட நல்ல கருவி இல்லை. எல்லாக் கதவையும் மூடிவிட்டு ஒவ்வொரு யன்னலடியிலும் கதவு இடுக்கிலும் பிடித்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறியுங்கள். பகலில் கடல்காற்று உள்ளே வரும், இரவில் தரைக்காற்று கடலுக்குப் போகும். ஆகவே நாலு மணிக்குச் சும்மா இருந்த கதவு நடுச்சாமத்தில் தானாகத் திறக்கலாம். ஆய்வு இரவிலும் அதே இடங்களில் மறுபடி ஊதுபத்தி பிடியுங்கள். கதவு தானாக அசைகிறது என்ற புகார் இருந்தால் தரையில் ஒரு போளைக் குண்டை விட்டுப் பாருங்கள். நூறாண்டு கடந்த தரை சமமாக இருப்பதில்லை, கதவுநிலையும் அப்படித்தான்.

வீதி வெளிச்சத்தை முன்னிரவில் ஒருமுறை கவனியுங்கள். கடைப் பலகைகளின் இடுக்கு வழியாகவும் கதவுக்கு மேலுள்ள காற்றுப் பலகணி வழியாகவும் ஓட்டோவின் விளக்கு உள்ளே வந்து சுவரில் ஓடும். எந்தச் சுவரில், எந்தத் திசையில் என்று குறித்து வையுங்கள். ‘நிழல் மனிதன்’ என்று சொல்லப்பட்டதில் கணிசமானவர்களுக்கு மூன்று சில்லுகள் உண்டு.

கிணறு பெரும்பாலும் வளவில் இருக்கும். துருப்பிடித்த கப்பி காற்றில் கிறீச்சிடும். உள்ளே தவளை கத்தினால் வெட்டிய ஆழம் அந்தச் சத்தத்தைப் பெருக்கிக் காட்டும். கிணற்றுக்கு வேலி இல்லையென்றால் பகலிலேயே சுற்றிவர வெள்ளைக் கயிறு கட்டிவிடுங்கள். இந்த வேலையில் உயிர் போகக்கூடிய இடம் அதுதான். மாடிப் பலகை உளுத்துப்போயிருந்தால் மாடியையே விட்டுவிடுங்கள்.

கடைசியாக அளவுகள். அறைக்கு அறை வெப்பநிலை, மின்காந்த அளவு, ஒரு நிமிட ஒலிப்பதிவு. இவைதான் உங்கள் அடிப்படை அளவு. இரவில் எது வந்தாலும் இதோடு ஒப்பிட்டுத்தான் பேச முடியும்.

4. சாமான்கள்

கடையில் ‘பேய் பிடிக்கும் கருவி’ என்று விற்கிற எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு சாதாரண டிஜிட்டல் வெப்பமானி, முக்காலியில் நிற்கும் இரண்டு கமெரா, ஆளுக்கொரு டோர்ச், மாற்று பற்றரி, சுவர்க்கடிகாரம், குறிப்புப் புத்தகம், பென்சில் ஆகியவை போதும்.

மின்காந்த மீட்டர் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். கே2 என்று எல்லாரும் தூக்கித் திரிகிற மீட்டர் வீட்டு மின்சாரத்தைக் கண்டுபிடிக்கச் செய்தது. இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மண்வயர் இல்லாத பழைய வயரிங்கும், பழைய பியூஸ் பெட்டியும், பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் அதன் விளக்குகளைப் போதுமான அளவு எரிய வைக்கும். பக்கத்திலிருக்கிற போன் ஒன்று சிக்னலுக்காகக் கோபுரத்தைத் தேடினாலும் எரியும். முடிந்தால் பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். அணைத்த பிறகு போன வெளிச்சம் ஆவியுடையது இல்லை. எல்லாப் போனும் விமானப் பயன்முறையில் இருக்கட்டும். ஒன்று மட்டும் வெளி விறாந்தையில், அவசரத்துக்கு.

துப்பாக்கி மாதிரிச் சிவப்புப் புள்ளி அடிக்கும் வெப்பமானி காற்றின் வெப்பத்தை அளக்காது. புள்ளி படுகிற சுவரின் மேற்பரப்பைத்தான் அளக்கும். அதை வைத்து ‘அறை நடுவில் குளிர்ந்த இடம்’ என்று சொல்வது பிழை. ஈரம் ஊறிய சுண்ணாம்புச் சுவர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.

ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தால் ஒளிக்கோளங்கள் வரும். லென்சுக்குக் கிட்ட மிதக்கும் தூசு, பூச்சி, கடலோரத்து உப்புத் துளி இவைதான் அவை. மழை பெய்து ஓய்ந்த இரவில் ஈசல் கிளம்பினால் படம் முழுக்க ஆவிகள் நிரம்பி வழியும்.

கரண்ட் இல்லாத வீடு என்றால் ஜெனரேட்டர் கொண்டுவர ஆசை வரும். வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ விறாந்தையிலோ அதை ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தலைவலி, நெஞ்சில் பாரம், யாரோ இருப்பது போன்ற உணர்வு, இல்லாத குரல்கள் எல்லாம் வரும், பிறகு உயிரும் போகும். அமெரிக்காவில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் ஆவி உலவுவதாக நம்பியது. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி அந்த வாயு பரவியதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த அனுபவம் 1921 இல் ஒரு கண் மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. பற்றரி விளக்கே போதும்.

5. ஆட்கள்

நாலு பேர் நல்ல எண்ணிக்கை. இரண்டு இரண்டாகப் பிரியலாம், யாரும் தனியே இருக்க வேண்டியதில்லை. ஒருவர் வீட்டையும் வளவையும் அறிந்த உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். ஒருவர் நேரக்குறிப்பு எழுதுபவர், அவர் வேறெதுவும் செய்யக்கூடாது. குடித்தவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். திருநீறு பூசிக்கொண்டு வருகிறவரையோ, வாசலில் நின்று சலவாத்து ஓதுகிறவரையோ பார்த்துச் சிரிக்கிறவரும் வேண்டாம். வாசலில் கற்பூரம் கொளுத்த வேண்டுமென்று வீட்டுக்கார அம்மா சொன்னால் கொளுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது அவருடைய வீடு.

நாள் தெரிவு: மழை எதிர்பார்க்காத, திருவிழா இல்லாத நாள். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் நகர நடுவில் ஒலிப்பதிவு செய்வது வீண்வேலை. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அமாவாசைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நிலா இருந்தால் கிணறு தெரியும்.

6. இரவு

வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே இருங்கள். எல்லாருடைய கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். கமெரா, பதிவுக் கருவி எல்லாம் பொழுது படுவதற்கு முன் ஓடத் தொடங்கட்டும். அப்போதுதான் ஓடு சுருங்கும் சத்தம் எப்படி இருக்கும் என்பதன் மாதிரி உங்களிடம் இருக்கும். அதன் பிறகு கருவிகளை இடம் மாற்ற வேண்டாம்.

இருட்டிய பின், ஒவ்வொருவராக, கையில் வரைபடத்துடன் வீட்டை ஒருமுறை மெதுவாகச் சுற்றட்டும். மற்றவர் ஒருவர் பேசாமல் கொஞ்சம் பின்னால் வரட்டும். எங்கே ஏதாவது உணர்ந்தாலும் வரைபடத்தில் புள்ளி வைத்து, என்ன உணர்வு என்று எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. இங்கிலாந்தின் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழு இதே மாதிரித் தரைப்படம் கொடுத்துத்தான் ஆட்களை நடக்கவிட்டது. 2003 இல் வெளியிட்ட கட்டுரையில், ஆட்கள் எதையோ உணர்ந்த இடங்களுக்கும் அங்குள்ள வெளிச்சம், காந்தப்புல மாற்றம் போன்ற சூழல் காரணிகளுக்கும் தொடர்பிருப்பதாக எழுதினார்கள். உங்கள் நாலு வரைபடத்திலும் ஒரே மூலையில் புள்ளி விழுந்தால் அந்த மூலையைக் கவனிக்க வேண்டும். ஆவிக்காகக் கவனிக்கச் சொல்லவில்லை. அங்கே ஏதோ பொதுவாக இருக்கிறது.

பிறகு அமர்வுகள். ஓர் அறையில் இரண்டு பேர், இருபது நிமிடம், விளக்கு அணைத்து, பேச்சில்லாமல். தொடங்கும்போது திகதி, நேரம், அறை எண், யார் யார் என்று பதிவுக் கருவிக்குச் சொல்லுங்கள். வயிறு இரைந்தால் ‘என்னுடைய வயிறு’ என்று உடனே சொல்லுங்கள். இருமல், கதிரை அசைவு, வெளியே மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் அந்தக் கணத்திலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டது இரண்டு கிழமைக்குப் பிறகு பேயாகித் திரும்பி வரும். கிசுகிசுக்க வேண்டாம். கிசுகிசுப்பு யாருடையது என்று பதிவில் பிரிக்கவே முடியாது, சாதாரணக் குரலில் கதையுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் பிறகு வெளியே போய்க் காற்று வாங்கித் தேத்தண்ணி குடியுங்கள்.

கேள்வி கேட்டுத்தான் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு அரை நிமிடம் விடுங்கள். சவால் விடுவது, திட்டுவது, ‘தைரியம் இருந்தா வா’ என்பது எல்லாம் யூடியூப் நாடகம். காசு வைத்து எழுத்துப் பலகையில் ஆவி அழைக்கிற விளையாட்டை நான் சேர்ப்பதில்லை. 1853 இல், மேசை தானாக நகர்கிறது என்று லண்டனே கிறங்கிக் கிடந்தபோது விஞ்ஞானி மைக்கல் பரடே ஒரு சின்னக் கருவி செய்து, கையை வைத்திருப்பவர்களே தம்மையறியாமல் தள்ளுகிறார்கள் என்று காட்டிவிட்டார். தள்ளுகிறவர் பொய் சொல்வதில்லை. அவருக்கே தெரிவதில்லை.

இரவில் கேட்கக்கூடியவற்றைப் பகலிலேயே பட்டியலாக்கி நேரக்குறிப்பாளர் கையில் கொடுங்கள். கோட்டைப் பக்கமிருந்து புள்ளிமான்கள் நகருக்குள் வரும். ஆளில்லாத வீதியில் குளம்புச் சத்தம் செருப்புச் சத்தம் மாதிரி இருக்கும், மான் திடீரென்று கூவினால் முதல்முறை கேட்பவர் நடுங்கிப்போவார். கூகையின் கீச்சல் குழந்தையின் அலறலைப் போன்றது. ஆட்காட்டிக் குருவி எதையாவது கண்டால் விடாது கத்தும். ரயிலின் ஹோர்ன், துறைமுகத்துக் கப்பலின் ஊதல், விடியப்புறம் கரைக்கு வரும் வள்ளங்களின் எஞ்சின், சுபஹ் பாங்கு, கோயில் மணி. கடைசி இரண்டும் நன்மையும் செய்யும். பதிவின் நேரத்தைச் சரிபார்க்க அவற்றை ஆணி அடித்தது போல நம்பலாம்.

7. உடம்பு செய்கிற வேலை

இரண்டு மணிக்கு மேல் உங்கள் மூளை நம்பத்தக்க சாட்சி இல்லை. களைப்பு, பசி, இருட்டு மூன்றும் சேர்ந்தால் கதவுத் துணி ஆளாகும். முறைவைத்துத் தூங்குங்கள், தூங்குகிறவர் வாகனத்தில் தூங்கட்டும். வீட்டுத் தரையில் பாய் போட்டுப் படுப்பது இரண்டு விதத்தில் பிழை. ஒன்று கட்டுவிரியன். தரையில் தூங்குகிறவரை இரவில் கடிப்பது அதன் வழக்கம், கடித்தது தெரியாமலே போகலாம். மற்றது அமுக்குவான். நித்திரை குழம்பிய நேரத்தில் கண் விழித்திருக்க உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி இருப்பது போலிருக்கும், அறையில் ஓர் உருவம் நிற்கும். வைத்தியர்கள் தூக்க முடக்கம் என்கிறார்கள். அது யாருக்கும், எந்த வீட்டிலும் வரும். தூக்கம் கெட்டவருக்கும் மல்லாந்து படுத்தவருக்கும் அதிகம் வரும்.

வியாபாரி வீடுகளில் பெரிய நிலைக்கண்ணாடி இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இத்தாலிய உளவியலாளர் ஜொவான்னி கபுட்டோ 2010 இல் வெளியிட்ட பரிசோதனையில், பத்து நிமிடம் தங்கள் முகத்தையே அரையிருட்டில் பார்த்திருந்தவர்களில் பலர் அந்நிய முகங்களையும், சிலர் செத்துப்போன பெற்றோரின் முகத்தையும்கூடக் கண்டார்கள். அமர்வு அறையில் கண்ணாடியைத் துணியால் மூடிவிடுவது நல்லது. இழவு வீட்டில் கண்ணாடியை மூடுகிற பழக்கமுள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஒருவருக்கு உண்மையாகவே பயம் பிடித்தால் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள், விளக்கைப் போடுங்கள், அவர் பங்கு அன்றோடு முடிந்தது. அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இரண்டையும் வரைபடத்தின் மூலையில் எழுதி வையுங்கள்.

8. பதிவைக் கேட்பது

விடிந்த கையோடு கேட்க வேண்டாம், நித்திரை கொண்டெழும்பிய பிறகு கேளுங்கள். நேரக்குறிப்பை அருகில் வைத்து, விளக்கம் உள்ள சத்தங்களை முதலில் கழித்துவிடுங்கள். மிஞ்சியதைத் துண்டாக வெட்டி, அன்றிரவு வராத மூன்று நாலு பேரிடம், எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். கேட்டதை அவர்கள் தனித்தனியே எழுதட்டும். ‘“போ” என்று கேக்குதா?’ என்று நீங்கள் கேட்டுவிட்டால் எல்லாருக்கும் ‘போ’ என்றுதான் கேட்கும், வேறெதுவும் இனிக் கேட்காது.

ஒலிநாடாவில் ஆவிக்குரல் என்ற எண்ணமே இப்படித்தான் தொடங்கியது. 1959 இல் சுவீடனில் ஃபிரீட்ரிக் யூர்கன்சன் பறவைச் சத்தம் பதிவு செய்யப்போய்க் குரல்களைக் கேட்டார். லாட்வியரான கொன்ஸ்டான்டின் ரவுடிவ் பின்னர் ஆயிரக்கணக்கில் சேர்த்தார், ஒரே வசனத்தில் பல மொழிகள் கலந்திருப்பதாகவும் சொன்னார். அவருக்குப் பல மொழிகள் தெரியும். ஒல்லாந்தர் காலத்து வீடென்று சொல்லப்படும் வீட்டில் நாம் பிடிக்கிற குரல் மட்டும் எப்போதும் தமிழிலேயே பேசுவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். இரைச்சலை வடிகட்டும் மென்பொருளை அளவுக்கு மீறிப் பாவித்தால், மிஞ்சும் துணுக்குகள் தாமே சொல்லாகத் தொனிக்கத் தொடங்கும். மூலப் பதிவை அழுத்தாத கோப்பாக, கை வைக்காமல் பாதுகாக்க வேண்டும்.

இப்போது கடித உறையைப் பிரிக்கலாம். ஊர்க்கதை சொன்ன அறையும் உங்கள் வரைபடப் புள்ளிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால் அந்த அறையில் காற்று, வெளிச்சம், ஒலி எதுவென்று தேட மறுபடி ஒரு பகல் போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

9. அறிக்கை

அறிக்கையில் மூன்று கூறு போதும்: விளக்கம் கிடைத்தவை, விளக்கம் ஊகிக்கக்கூடியவை, விளக்கம் கிடைக்காதவை. மூன்றாவதற்குக் கீழே வருவதற்கு ‘ஆவி’ என்று பெயர் வைக்காதீர்கள், நேரம், அறை எண், யார் கேட்டார், கருவி எது என்று மட்டும் எழுதுங்கள். அதே மாதத்தில், அதே காற்று வீசும் நாளில் இன்னொரு முறை போய், அதே இடத்தில் கருவி வைத்துப் பார்த்துத்தான் அதைப் பற்றி மேலே பேசலாம்.

முதல் பிரதி வீட்டுக்காரருக்குப் போக வேண்டும், எதையும் வெளியிடுவதற்கு முன்னமே. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைத்திருப்பவருக்கு ‘பேய் வீடு’ என்ற பெயர் இலட்சக்கணக்கில் நட்டம். வீதிப் பெயர், முகப்புப் படம், குடும்பப் பெயர் இல்லாமல் வெளியிட அவர் சம்மதித்தால் அப்படியே வெளியிடுங்கள், இல்லையென்றால் கோப்பு அலுமாரியில் இருக்கட்டும். மரநாய் நுழையும் இடம், உளுத்த தீராந்தி, ஆபத்தான வயரிங், வேலியில்லாத கிணறு என்று நீங்கள் கண்டவற்றை வரைபடத்தில் குறித்துத் தனித் தாளில் அவருக்குக் கொடுங்கள். கனடாவிலிருந்து வீட்டைப் பார்க்க முடியாதவருக்கு அதில் ஆவியைவிட அக்கறை இருக்கும். திறப்பைக் கொடுக்கும்போது கட்டிய கயிறு, தூவிய பவுடர், மெழுகுத் துளி எதுவும் மிஞ்சவில்லை என்று அவருடைய ஆளோடு சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.